மஞ்சப்பை சேர்கிறது, குப்பை குறையவில்லை: எங்கிருந்து தொடங்குவது?

தாம்பரத்துவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள். இந்த ஆண்டு சுற்றுச்சூழலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள். வழக்கம்போல வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

முதலில் வந்த யோசனை, சங்கத்தின் பெயரை அச்சிட்டு வீட்டுக்கு இரண்டு துணிப்பை கொடுப்பது. எனக்கு அதில்தான் சந்தேகம். எந்த வீட்டில் துணிப்பை இல்லை? கல்யாணத் தாம்பூலப்பை, ஜவுளிக்கடைப் பை, வங்கியில் கொடுத்த பை என்று எங்கள் வீட்டிலேயே ஓர் அலமாரித் தட்டு நிறைய இருக்கிறது. ஆனாலும் கீழே இருக்கும் பொதுத் தொட்டி தினமும் வழிகிறது. மூடியைத் தூக்கிப் பார்த்தால் கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் கட்டிய சோறு, காய்கறித் தோல், பால் கவர், குழந்தையின் டயப்பர் எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன.

அன்றாடப் பழக்கத்தில் எதை மாற்றினால் உண்மையிலேயே பயன் உண்டு? படம் எடுத்துக் குழுவில் போடுவதற்காகக் கேட்கவில்லை. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

பையை அச்சிட வேண்டாம். என் வாக்கு அதற்கு எதிராகத்தான்.

2018இல் டென்மார்க் நாட்டின் சுற்றுச்சூழல் முகமை ஒரு கணக்குப் போட்டது. சாதாரணப் பருத்திப் பை ஒன்றைத் தயாரிப்பதால் வரும் பாதிப்பு, ஒரு பிளாஸ்டிக் பையின் பாதிப்புக்குச் சமமாக வேண்டுமானால் எத்தனை முறை அதைப் பயன்படுத்த வேண்டும் என்ற கணக்கு. புவி வெப்பத்தை மட்டும் பார்த்தால் 52 முறை. எல்லா வகைப் பாதிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் 7,100 முறை. இயற்கை வேளாண்மையில் விளைந்த பருத்தி என்றால் 20,000 முறை! விளைச்சல் குறைவு, அதனால் ஒரு பைக்கு வேண்டிய நிலமும் நீரும் கூடுதல். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட அறிக்கையிலும் பருத்திப் பைக்கு 131 முறை என்று இருக்கிறது.

ஆக, அலமாரியில் தூங்கும் பை எந்தப் புண்ணியத்தையும் செய்யவில்லை. அதைச் செய்யச் செலவான தண்ணீரும் மின்சாரமும் வீண்.

---

எதிர்க்கட்சி எழுதியது:

இதைத்தான் நானும் சொல்லி வருகிறேன். மஞ்சப்பை என்பது வெறும் நாடகம். 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியது, பிறகு கோயம்பேட்டில் 10 ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரம் வைத்தது. அதே கோயம்பேட்டில் கீரைக்கட்டை எதில் போட்டுத் தருகிறார்கள் என்று போய்ப் பாருங்கள்.

ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டையும் சிப்ஸ் உறையையும் கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளுகிறவன் நிறுவனத்துக்காரன். குற்ற உணர்ச்சி மட்டும் நமக்கா? நான் பல் துலக்கும்போது குழாயை மூடினால் அனல் மின் நிலையம் புகை விடுவதை நிறுத்திவிடுமா?

---

பழையஇரும்பு எழுதியது:

எங்கள் குடும்பம் மதுரையில் மூன்று தலைமுறையாகப் பழைய பேப்பர், இரும்புக் கடை நடத்துகிறது. டென்மார்க் கணக்கில் எனக்கு ஒரு சந்தேகம், கணக்குப்பிள்ளை ஐயா.

அந்த நாட்டில் மளிகை வாங்கிய பிளாஸ்டிக் பையில் வீட்டுக் குப்பையைக் கட்டிப் போடுகிறார்கள். அதை வாரிக் கொண்டுபோய் உலையில் எரித்து மின்சாரமும் வெந்நீரும் எடுக்கிறார்கள். பை சாலைக்கு வருவதில்லை. வாய்க்காலை அடைப்பதும் மாட்டு வயிற்றுக்குள் போவதும் அந்தக் கணக்கில் சேரவே சேராது. எங்கள் வைகைக் கரையில் மழைக்குப் பிறகு முள்மரங்களில் சிக்கித் தொங்குகிற பைகளை எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள்?

இன்னொன்று. நம் ஊரில் கடைக்காரர் கொடுக்கும் மெல்லிய பையை நாங்கள் எடைக்கு எடுப்பதில்லை. ஒரு கிலோ சேர்வதற்குள் ஆள் கூலி போய்விடும், அதிலும் பாதி அழுக்கு. யாரும் வாங்காத பொருள் தெருவில்தான் கிடக்கும். எங்கள் தொழிலில் இது பால பாடம்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

நியாயமான கேள்வி. அந்த அறிக்கை குப்பையாகச் சிதறும் பையைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது உண்மை. 7,100 என்ற பெரிய எண்ணுக்கும் ஒரே காரணம்தான்: ஓசோன் படலத்துக்கு வரும் பாதிப்பை அளந்தபோது பருத்தி மிக மோசமாகத் தெரிந்தது. அந்த ஒன்றை விட்டுவிட்டால் எண் வெகுவாக இறங்கும்.

நான் சொல்ல வந்தது பிளாஸ்டிக் நல்லது என்றல்ல. 52 முறை என்றால் வாரம் ஒருமுறை சந்தைக்கு எடுத்துப் போனால் ஒரு வருடத்தில் தீர்ந்துவிடும் கடன். நம் வீட்டு மஞ்சப்பை பத்து வருடம் உழைக்கும். இருக்கிற பையை எடுத்துப் போக வேண்டும், புதிதாக ஒன்று வாங்கக் கூடாது. சங்கம் செய்ய நினைப்பது நேர் எதிராக இருக்கிறது.

---

அஞ்சறைப்பெட்டி எழுதியது:

ஐயாமார்களே, பையைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்களே, அது வீட்டில் இருந்தும் ஏன் கடைக்குப் போகவில்லை என்று யாராவது கேட்டீர்களா? ஆண்கள் வேலை முடிந்து வரும் வழியில் தக்காளி வாங்குகிறார்கள். பை வீட்டு அலமாரியில் இருக்கிறது. வண்டியின் சீட்டுக்கு அடியில் ஒன்று, அலுவலகப் பைக்குள் மடித்து ஒன்று என்று வைத்தால் விஷயம் முடிந்தது. என் வீட்டில் அப்படித்தான் முடிந்தது. இதற்கு இயக்கமும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம்.

துணி மாதிரியே தோன்றும் அந்தப் பளபளப்பான பைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பலகாரக் கடையிலும் புடவைக் கடையிலும் கொடுக்கிறார்களே, அவை துணியே அல்ல, பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக். ஓரத்தில் ஒரு நூலைப் பிரித்துப் பாருங்கள், வராது. நெய்தால்தானே நூல் வரும்? வெயிலில் தொங்கவிட்டால் சில மாதங்களில் கையில் தூள் தூளாக உதிரும். 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை செய்த 14 பொருள்களின் பட்டியலில் அதுவும் உண்டு. அதைத்தான் பாதிப் பேர் துணிப்பை என்று நம்பித் துவைத்து வைத்திருக்கிறார்கள்.

---

மாடித்தோட்டம் எழுதியது:

தாம்பரத்துவாசி அண்ணா, உங்கள் தொட்டியை நீங்கள் விவரித்த விதத்திலேயே பதில் இருக்கிறது. நிரம்பி வழிவது பை அல்ல, சோறும் தோலும். நம் நாட்டு வீடுகளின் குப்பையில் எடைக்குப் பாதி அல்லது அதற்கும் மேல் சமையலறை ஈரக் கழிவுதான். அதைக் கட்டிப் போடத்தான் கறுப்புப் பையே தேவைப்படுகிறது. ஈரத்தைப் பிரித்தெடுத்தால் பையின் தேவையும் பாதி போகும். மிச்சமுள்ள காகிதமும் பிளாஸ்டிக்கும் நாறாது. வாரம் ஒருமுறை போட்டாலும் போதும்.

அந்த ஈரம் குப்பை மலைக்குள் போய் என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். காற்றுப் புகாமல் அழுகும்போது மீத்தேன் வருகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றும், இருபது ஆண்டுக் கணக்கில் சுமார் 80 மடங்கு. 2022 ஏப்ரலில் சென்னையின் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பற்றி எரிந்து நாள் கணக்கில் புகைந்ததே, உள்ளே இப்படி வாயு சேர்ந்த மலையில் தீ பிடித்தால் தண்ணீர் அடித்து அணைப்பது பெரும் பாடு. பக்கத்தில் இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அதே ஆண்டுதான் அதற்கு, உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது! ஒரு கையால் பட்டம் கொடுத்து மறு கையால் புகை போட்டோம்.

அதே தோலையும் சோற்றையும் காற்றுப் பட மக்க வைத்தால் பெருமளவு மீத்தேன் வராது. வித்தியாசம் காற்று மட்டும்தான்.

---

பனங்கொட்டை எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். குப்பை மலை என்றதும் எங்களுக்கு மீதொட்டமுல்லைதான் நினைவுக்கு வரும். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள். கொழும்பின் குப்பை மேடு சரிந்து கீழே இருந்த வீடுகளை மூடிவிட்டது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் தங்கள் குப்பையால் சாகவில்லை, முழு நகரத்தின் குப்பையால் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் அரசு அந்த ஆண்டு செப்டெம்பரில் லஞ்ச் சீற் (சோறு கட்டும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்), ரெஜிபோம் (தெர்மகோல்) பெட்டி, மெல்லிய பொலித்தீன் பை எல்லாவற்றையும் தடை செய்தது.

தடை வந்தபோது எங்கள் பக்கத்தில் பழைய ஆட்கள் சிரித்தார்கள். சந்தைக்குப் பனையோலையில் இழைத்த உமலும் (பை) கடகமும் (கூடை) கொண்டு போனவர்கள்தானே? உமலில் மீன் வாங்கினால் தண்ணீர் வழியிலேயே வடிந்துவிடும், வீட்டுக்கு வந்து கழுவி வெயிலில் போட்டால் மணமும் போய்விடும். ஆனால் இப்போது நல்ல உமல் இழைக்கத் தெரிந்த கைகள் குறைவு, விலையும் கூட. சொப்பிங் பாக்குடன் (கடையில் தரும் பொலித்தீன் பை) போட்டி போட முடியவில்லை.

---

அஞ்சறைப்பெட்டி எழுதியது:

பனங்கொட்டை சகோதரி சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் 'அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது' என்று யாரும் தொடங்குவதற்கு முன் ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்ததும், துணியைக் கல்லில் அடித்ததும், சீயக்காய் அரைத்ததும் பெண்கள். பசுமைப் பழக்கம் என்று ஆண்கள் கட்டுரை எழுதும்போதெல்லாம் எனக்கு உள்ளூர ஒரு பயம் வரும். ஒவ்வொரு யோசனையும் கடைசியில் என் சமையலறையில்தான் வந்து நிற்கும். ஈரக் குப்பை வாளியை யார் கழுவுவது? பால் கவரை யார் அலசுவது? டயப்பருக்குப் பதில் துணி கட்டினால் அதை யார் துவைப்பது?

எங்கள் வீட்டில் நான் ஒரு விதி போட்டேன். சமைப்பது நான், மக்கும் தொட்டி வேலை அவருடையது. வாளியைக் கவிழ்ப்பது, சருகு போடுவது, கிளறுவது, கழுவி வைப்பது எல்லாம். முதல் வாரம் மூக்கைப் பிடித்துக்கொண்டார். இப்போது விருந்தாளி வந்தால் மாடிக்கு அழைத்துப் போய்க் காட்டுகிறார்!

---

எதிர்க்கட்சி எழுதியது:

சரி, பிரித்தே வைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். வண்டியில் வருகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். நான் கண்ணால் பார்த்தேன். பிறகு எதற்காக நான் மெனக்கெட வேண்டும்?

---

பழையஇரும்பு எழுதியது:

இந்தக் கேள்வி எல்லாக் கூட்டத்திலும் வரும். நூறு வீட்டில் பத்து வீடு மட்டும் பிரித்துக் கொடுத்தால் அந்தப் பத்தை வண்டியில் தனியாக வைக்க இடம் இருக்காது, கலந்துவிடுவார்கள். தொண்ணூறு வீடு பிரித்தால் கலப்பதற்கு அவர்களுக்கே மனம் வராது. ஏனென்றால் அட்டை, பாட்டில், தகரம் எல்லாம் அவர்களுக்குக் காசு. எங்கள் கடைக்கு மாலையில் தூய்மைப் பணியாளர்கள் கொண்டுவருவதே வண்டியில் அவர்கள் கையால் பொறுக்கியதுதான்.

அந்தக் கைகளை நான் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். உடைந்த டியூப்லைட், சவர பிளேடு, இன்சுலின் ஊசி, எல்லாம் சோற்றுக்குள் கலந்து கிடக்கும். கையுறை போட்டாலும் ஊசிக்கு அது தெரியுமா? 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே ஈரம், உலர்ந்தது, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லியிருந்தது. நாப்கின், டயப்பரைச் சுற்றிக் கொடுக்கவும் சொல்லியிருந்தது. பழைய செய்தித்தாளில் சுற்றி மேலே சிவப்பு மையில் ஒரு பொட்டு வைத்தால் போதும், பிரித்துப் பார்க்காமல் ஒதுக்கிவிடுவார்கள். பெங்களூரில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2015 முதல் ஈரத்துக்குப் பச்சை வாளி, நாப்கின் வகைக்குச் சிவப்பு வாளி, உலர்ந்ததற்கு ஒரு பை என்று நடைமுறை வந்தது.

கடலூர், விழுப்புரம் பக்கத்திலிருந்து யாராவது இருந்தால் உங்கள் ஊர் நிலவரத்தையும் எழுதுங்கள்.

---

மட்டுறுத்துநர் எழுதியது:

ஊர் நிலவரத்தை எழுதுவோர் அலுவலர், ஒப்பந்ததாரர் பெயர்களைத் தவிர்க்கவும். இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. விவாதம் தொடரலாம்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

எதிர்க்கட்சியாரின் முதல் கேள்விக்கு இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. நிறுவனங்கள் பொறுப்பேற்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நிறுவனமா, தனி மனிதனா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் எங்கிருந்து வந்தது?

நீலகிரியைப் பாருங்கள். மதுக்கடையில் வாங்கிய பாட்டிலைக் காட்டில் எறிந்தார்கள். கண்ணாடிச் சில்லு யானையின் காலில் ஏறியது. 'எறியாதீர்கள்' என்ற பலகைகளால் ஒன்றும் நடக்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2022இல் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் அந்தப் பத்தைத் திருப்பித் தரும் முறை வந்தது. பெரும்பாலான பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. அதே குடிமகன், அதே பாட்டில். மனம் திருந்தியா கொண்டுவந்து கொடுத்தான்? பத்து ரூபாய்க்காக. அவன் எறிந்தாலும் வேறொருவர் பொறுக்கிக் கொடுத்துக் காசாக்கினார்.

என் கட்சி இதுதான். பழக்கம் ஒழுக்கத்தால் நிற்பதில்லை, ஏற்பாட்டால் நிற்கிறது. அஞ்சறைப்பெட்டி அம்மா வண்டிச் சீட்டுக்கு அடியில் பை வைத்தது ஓர் ஏற்பாடு. தாம்பரத்துவாசியும் சங்கக் கூட்டத்தில் உபதேசம் செய்யாமல் வாளியை எங்கே வைப்பது, சருகு யார் கொண்டுவருவது, காசு யாருக்குப் போகும் என்று மட்டும் பேசினால் போதும்.

குழாயை மூடும் கதைக்கும் கணக்கில் பதில் இருக்கிறது. குழாயைவிட மின்விசிறி முக்கியம். பழைய மாடல் விசிறி சுமார் 75 வாட் இழுக்கும், இப்போது வரும் பிஎல்டிசி விசிறி (மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் கொண்டது) 30 வாட் அளவில் ஓடும். தினம் 12 மணி நேரம் ஓடினால் வருடத்துக்கு ஒரு விசிறியில் மட்டும் 197 யூனிட் மிச்சம். நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு என்று வைத்தால் 138 கிலோ. 14.2 கிலோ சமையல் எரிவாயு உருளை ஒன்று முழுதும் எரிந்தால் வருவது சுமார் 42 கிலோ. அதாவது ஒரு விசிறி, மூன்று உருளைகள். ஆனால் நன்றாக ஓடும் விசிறியைக் கழற்றி எறிந்து புதிது வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் எரிந்துபோய் மாற்றும்போது மாற்றுங்கள்.

ஏசியை 24 டிகிரியில் வையுங்கள். கூட்டி வைக்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 6 சதவீத மின்சாரம் குறையும் என்பது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. இரண்டு மாத மின்கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் நம் மாநிலத்தில் கட்டண விகிதமே மாறுகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். சுற்றுச்சூழலை நம்பாதவரும் அந்தச் சீட்டை நம்புவார்.

---

எதிர்க்கட்சி எழுதியது:

பாட்டில் கதை எனக்குப் பிடித்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அதே முறையைத் தண்ணீர் பாட்டிலுக்கும் ஷாம்பு பாக்கெட்டுக்கும் கொண்டுவரச் சொல்லிக் கேட்பதுதான் என் பசுமைப் பழக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூங்கில் பல் துலக்கியை இணையத்தில் வாங்கி, அதைச் சுற்றிவந்த குமிழ் உறையை எறிகிறவர்களோடு நான் சேரமாட்டேன்.

---

அஞ்சறைப்பெட்டி எழுதியது:

மூங்கில் பல் துலக்கிக்கு நானும் சேரமாட்டேன். நடக்கிற காரியம் இரண்டு சொல்கிறேன்.

ஹோட்டலில் சாம்பார் வாங்கத் தூக்குவாளி கொண்டுபோவது. கொதிக்கிற சாம்பாரை மெல்லிய பாலிதீன் பையில் ஊற்றி நூலால் இறுக்கிக் கட்டுகிறார்களே, அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்கும். முதல் நாள் பாத்திரத்தை நீட்டியபோது கல்லாவில் இருந்தவர் தயங்கினார். அவருக்குச் சுற்றுச்சூழல் பிரச்சினை இல்லை, அளவுதான் பிரச்சினை. பையென்றால் இவ்வளவு என்று கை பழகியிருக்கிறது. தூக்கில் ஊற்றினால் எவ்வளவு ஊற்றினோம் என்று தெரியவில்லை, கேட்கிறவர் இன்னும் கொஞ்சம் என்பார். 'இரண்டு கரண்டி போதும்' என்று நானே அளவைச் சொன்னேன். அதோடு தீர்ந்தது. இப்போது என்னைப் பார்த்ததும் கரண்டியை எடுத்துவிடுகிறார்.

இரண்டாவது, டீக்கடையில் கண்ணாடி கிளாஸ் கேட்பது. காகிதக் கோப்பை காகிதம் அல்ல, உள்ளே பிளாஸ்டிக் பூச்சு. இல்லாவிட்டால் டீ ஒழுகிவிடாதா? சூடான நீரை 15 நிமிடம் அதில் வைத்தபோது 100 மில்லியில் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலந்ததாக ஐஐடி காரக்பூர் ஆய்வாளர்கள் 2020இல் கண்டார்கள். நாம் 15 நிமிடம் வைத்துக் குடிப்பதில்லை என்றாலும், அந்தக் கோப்பையை எடைக்கு வாங்குவாரும் இல்லை. அதுவும் அந்தப் 14 பொருள்களில் ஒன்று.

---

பனங்கொட்டை எழுதியது:

பந்தியில் வாழையிலை போட்டு, அதன் பக்கத்தில் குட்டித் தண்ணீர் போத்தல் வைக்கிற வழக்கம் உங்கள் பக்கமும் இருக்கிறதா? இங்கே ஒவ்வொரு கல்யாணத்திலும் பாதி குடித்த போத்தல்களைச் சாக்குச் சாக்காக அள்ளுகிறார்கள். இலையை மாடு தின்றுவிடும்.

---

தாம்பரத்துவாசி எழுதியது:

இருக்கிறது சகோதரி, அதே கதைதான். மேசையில் விரிக்கும் தாள் ரோல் வேறு.

எல்லாவற்றையும் படித்தேன். பை அச்சிடும் யோசனையைக் கைவிடச் சொல்லிச் செயலாளரிடம் பேசிவிட்டேன். அந்தப் பணத்தில் மாடியில் மக்கும் தொட்டி வைக்கலாம் என்றதற்கு மூன்று ஆட்சேபங்கள் வந்தன: நாற்றம், புழு, எலி. மாடித்தோட்டம், இந்த மூன்றுக்கும் பதில் சொன்னால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அப்படியே வாசித்துவிடுவேன்.

---

மாடித்தோட்டம் எழுதியது:

நாற்றத்துக்குக் காரணம் எப்போதும் ஒன்றுதான், ஈரம் அதிகம், காற்றுப் போதவில்லை. ஒரு கை காய்கறித் தோல் போட்டால் இரண்டு கை காய்ந்த சருகு போட வேண்டும். இதை மட்டும் விடாமல் செய்தால் தொட்டியில் மழை பெய்த மண்ணின் வாடைதான் வரும். சருகு கிடைக்காவிட்டால் தென்னை நார்க்கழிவை உலர்த்திப் போடலாம், மரத்தூளும் சரி. உங்கள் தெருவில் தினமும் கூட்டிக் குவித்து எரிக்கிறார்களே, அந்த இலையைத்தான் கேட்கிறேன். எரிக்காமல் உங்களிடம் கொடுக்கச் சொன்னால் புகையும் மிச்சம். நாற்றம் வந்துவிட்டால் பயப்பட வேண்டாம். கிளறிவிட்டு, சருகு இரட்டிப்பாகப் போட்டு, இரண்டு நாள் எதுவும் சேர்க்காமல் விடுங்கள்.

தொட்டி என்றால் பக்கவாட்டில் துளையிட்ட மண்தொட்டியோ பழைய பெயின்ட் வாளியோ போதும். கடையில் விற்கும் விலை உயர்ந்த பெட்டி வேண்டாம். அடியிலும் துளை வேண்டும். வடியும் சாற்றுக்கு ஒரு தட்டு வையுங்கள், பத்து மடங்கு தண்ணீர் கலந்தால் செடிக்கு ஆகும். தொடக்கத்தில் பழைய மக்கோ, தொழுவுரமோ, புளித்த மோரோ கொஞ்சம் சேர்த்தால் வேலை சீக்கிரம் ஆரம்பிக்கும். நிரம்பிய தொட்டியை மூடி ஒதுக்கிவைத்து அடுத்ததைத் தொடங்க வேண்டும். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் கறுப்பாக, பொலபொலவென்று இருக்கும்.

புழு. வெள்ளையாகத் தொடங்கிப் பழுப்பாக மாறும், தட்டையான, வரிவரியான புழுக்கள் வந்தால் அவை கறுப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள். நன்மை செய்பவை. கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும். அந்த ஈ வீட்டு ஈயைப் போல உணவில் வந்து மொய்ப்பதில்லை. என்றாலும் பார்க்க அருவருப்பு என்றால், ஈரத்தைச் சருகால் முழுக்க மூடி வையுங்கள், முட்டையிட இடம் குறையும்.

எலி வருவது சமைத்த சோற்றுக்கும் இறைச்சிக்கும்தான். சோற்றை முதலில் போடாதீர்கள். பழகிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நடுவில் புதைக்கலாம். மூடி இறுக்கமாக இருக்கட்டும், துளைகள் விரல் நுழையாத அளவுக்கு இருக்கட்டும்.

24 வீடும் முதல் நாளே வராது. விருப்பமுள்ள ஐந்தாறு வீட்டோடு தொடங்குங்கள். முதல் உரம் வந்ததும் ஆளுக்கு ஒரு பிடி துளசித் தொட்டிக்குக் கொடுங்கள். மற்றவர்கள் தானாக விசாரிப்பார்கள்.

---

அஞ்சறைப்பெட்டி எழுதியது:

கூட்டத்தில் இதை வாசிக்கும்போது கிளறும் வேலைக்கான முறைப்பட்டியலையும் அங்கேயே எழுதி வாங்கிவிடுங்கள். பட்டியலில் ஆண்கள் பெயர் மேலே இருக்கட்டும்.

---

தாம்பரத்துவாசி எழுதியது:

ஞாயிறு கூட்டம் முடிந்தது. ஏழு வீடுகள் சம்மதம். இரண்டு பெரிய தொட்டி வாங்க ஒப்புதல். முறைப்பட்டியலில் கையெழுத்து வாங்கியாகிவிட்டது, முதல் பெயர் செயலாளருடையது (அவர் மனைவியே எழுதினார்). குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ இயந்திரத்தைப் பற்றியும் பேச்சு வந்தது. அது கழித்து வெளியே விடும் தண்ணீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்க வைத்துக்கொள்கிறோம் என்று நான்கு வீடுகள் சொன்னார்கள். உப்பு அதிகம், செடிக்கு ஊற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு கேள்விகள் பாக்கி. பால் கவரைப் பழைய பேப்பர் கடையில் எடுப்பார்களா? மீன், கோழிக் கழிவை என்ன செய்வது? ஏழில் ஐந்து வீடு அசைவம்.

---

பழையஇரும்பு எழுதியது:

பால் கவர் எடுப்போம், நல்ல பிளாஸ்டிக் அது. இரண்டு நிபந்தனை. உள்ளே பால் ஒட்டாமல் அலசி, பிரித்துக் காயவைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூட்டையே நாறிவிடும். வெட்டும்போது மூலையைத் தனித் துண்டாகக் கத்தரிக்காதீர்கள். அந்தச் சின்ன முக்கோணம் எந்தச் சல்லடையிலும் நிற்காது, நேரே சாக்கடைக்குப் போகும். கவரோடு ஒட்டியிருக்குமாறு ஒரு கீறல் போட்டால் போதும். எண்ணெய்க் கவரை நாங்கள் எடுப்பதில்லை, சில கடைகளில் எடுப்பார்கள், கேட்டுப் பாருங்கள். பிஸ்கட், சிப்ஸ் உறைகளை எங்கேயும் எடுக்க மாட்டார்கள். பல அடுக்கு ஒட்டியது, பிரிக்க முடியாது. அதைத் தனியாகச் சேர்த்து மாநகராட்சி உலர் கழிவு வண்டியில் கொடுங்கள். சிமெண்ட் ஆலை உலைக்கு எரிபொருளாகப் போகிறது.

விலை கேட்காமல் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் காசை உங்கள் கட்டடத்தைக் கூட்டும் அம்மாவுக்கே கொடுத்தால் பிரிக்கும் வேலையை அவரே உங்களைவிடக் கறாராகப் பார்த்துக்கொள்வார்.

---

மாடித்தோட்டம் எழுதியது:

மீன் கழிவை இந்தத் தொட்டியில் போட வேண்டாம், எலியும் பூனையும் தேடி வரும். மீன் கழிவோடு சம எடை வெல்லம் கலந்து, மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் நிழலில் வைத்துவிடுங்கள். அவ்வப்போது திறந்து வாயுவை விட வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் ஆனால் தேன் நிறத்தில் கரைசலாகிவிடும். நாற்றம் போய்ப் பழவாடை வரும்போது தயார். மீன் அமிலம் என்று விவசாயிகள் சொல்வது இதைத்தான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லிக்கு மேல் போகாதீர்கள், செடி கருகும்.

கோழிக் கழிவு வீட்டில் வேண்டாம். கடையிலேயே சுத்தம் செய்து வாங்கிக்கொள்ளுங்கள். எலும்பு மட்டும் மிஞ்சினால் ஈரக் குப்பை வண்டிக்குப் போகட்டும்.